சுவரோரப் பாத்தி

ஜெயம்மாளின் கோபத்தைப் பற்றித் திருப்பருத்திக்குன்றத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பம்புசெட் ஒயரைத் திருட வந்தவனை மண்வெட்டியோடு வேகவதி ஆறு வரைக்கும் துரத்திக்கொண்டு போனது ஒன்று. கீரைக்கட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்த பெரிய வீட்டு அம்மாவிடம், "இன்னாமா, அதுக்குக் கால் புடிச்சு வுடறியா?" என்று கேட்டு மார்க்கெட்டையே சிரிக்க வைத்தது இன்னொன்று. இந்தக் கதைகளில் பாதி உண்மை. மீதி, உண்மையைவிடக் குறைத்துச் சொன்னது. ஆனால் அவளுடைய பொறுமையைப் பற்றி ஒருவரும் கதை சொல்வதில்லை. பொறுமையில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அவள் செய்த பெரிய காரியம் அதில்தான் இருக்கிறது.

பிறந்த ஊர் மாகறல். பத்தொன்பது வயதில் ராஜகோபாலுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். மாமனாருக்கு இரண்டு ஏக்கர் சொச்சம் நிலம், மூன்று பிள்ளைகள். அவர் கண்ணை மூடியதும் மூத்தவர்கள் இருவரும் தங்கள் பங்கை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். கடைசிப் பிள்ளை ராஜகோபாலும் விற்கிற முடிவில்தான் இருந்தான். பத்திர ஆபீசில் பேனாவை வாங்கி மூடியைக்கூடக் கழற்றிவிட்டான். ஜெயம்மாள் அந்தப் பேனாவை வெடுக்கென்று பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்துவிட்டாள். பேனா புரோக்கருடையது. இன்றுவரை அவன் அதைத் திருப்பிக் கேட்டதில்லை. நிலத்தைக் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. மாதம் ஒரு தடவை பைக்கில் வந்து வரப்போரம் நின்று, "இன்னாக்கா, எப்போ?" என்பான்.

தப்பித்தது எழுபது சென்ட். முழுக்கக் கீரைதான்: முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, ஓரத்தில் கொஞ்சம் மணத்தக்காளி. விடியற்காலை நாலரைக்கு நிலத்தில் இறங்குவாள், வெறுங்காலோடு. செருப்பு போட்டால் இலை மிதிபடுவது காலுக்குத் தெரியாது என்பாள். பறித்து, வேர்மண் போகத் தொட்டியில் அலசி, வாழைநாரில் கட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி, ஆறரைக்குள் மொபெட்டில் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். அங்கே பொன்னியம்மாளின் கடை. இருபது வருஷத்து வாடிக்கை. ஊரில் இருக்கிற ஜைனர் வீட்டு அம்மாக்கள், ஒரு சின்னப் பூச்சிகூட வயிற்றுக்குள் போய்விடக்கூடாது என்று கீரையை இலை இலையாகத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள். ஜெயம்மாளின் கட்டென்றால் பாதிதான் திருப்பிப் பார்ப்பார்கள். இதைவிடப் பெரிய சர்டிபிகேட்டை அந்த ஊரில் யாரும் வாங்கியதில்லை.

விற்ற நிலத்தில் குபேரன் நகர் எழுந்தது. நகருக்கும் ஜெயம்மாளின் நிலத்துக்கும் நடுவில் ஆள் உயரச் சுவர். சுவரை ஒட்டி அவள் பக்கத்தில் ஒரு பாதை. பாதை நெடுக மாமனார் வைத்த புங்க மரங்கள். பாதைக்கு இப்புறம் சுவரோரப் பாத்தி. இருப்பதிலேயே நல்ல மண் அந்தப் பாத்திதான். பம்புசெட்டுக்குப் பக்கம், மத்தியான வெயிலில் மர நிழல், கோடையிலும் இலை வாடாது.

அந்தப் பாத்தியில்தான் ஒரு நாள் கருப்பு பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தது. யாரோ குப்பையைத் தவறவிட்டார்கள் என்று எடுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. அதற்கப்புறம் கையை எத்தனை தரம் கழுவினாள் என்று ராஜகோபாலைத்தான் கேட்க வேண்டும்.

நாய் மலம். மறுநாள் ஒரு பை. அதற்கு மறுநாள் ஒன்று. சுவரை ஒட்டி மாடி வீடுகள் நாலு. நாலிலும் நாய் வளர்த்தார்கள். மொட்டைமாடியில் கட்டிப்போட்டு, காலையில் வாரிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, சுவருக்கு அப்பால் வீசுவது. வீசுகிற கை எந்த வீட்டுக் கை என்பது மட்டும் தெரியவில்லை. புங்க மரங்கள் அடர்த்தி; கீழிருந்து பார்த்தால் மாடி தெரியாது, மாடியிலிருந்து பார்த்தால் கீழே இருக்கிற பாதை தெரியாது. அந்த நேரத்தில் ஜெயம்மாள் மறுகோடியில் தொட்டியண்டை கீரை அலசிக்கொண்டிருப்பாள். 'பொத்' என்று சத்தம் கேட்கும். ஓடி வருவதற்குள் இலைகூட ஆடாது.

ஊரில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையும் ஒரே யோசனைதான்: திருப்பி வீசு.

"எந்த வூட்டு மேல வீசறது?" என்று கேட்டாள் ஜெயம்மாள். "நாலு வூடு இருக்குது. தப்பு பண்ணாதவன் வாசல்ல போய் வுழுந்தா அந்தப் பாவம் யாருக்கு?"

"அப்போ அந்த நாயிங்களுக்கு எதனா வெச்சுடு" என்றான் ஒருத்தன்.

அப்போது வந்தது பாருங்கள், பழைய கோபம். "நாயாடா பையில கட்டி முடிச்சு போட்டுது? முடிச்சு போட்டவன வுட்டுட்டு வாயில்லாத ஜீவன்கிட்ட போறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளயா?" என்று அவனை வரப்பைவிட்டே இறக்கிவிட்டாள். அவளுடைய பம்புசெட் வாசலில் படுத்திருக்கும் கருப்பனும் தெருநாய்தான். அது ஒரு நாளும் பாத்தியில் கால் வைத்ததில்லை.

புகார் சொல்ல ஆபீசுக்கும் போனாள். சுவருக்கு அந்தப் பக்கத்துக்கு ஒரு ஆபீஸ், இந்தப் பக்கத்துக்கு வேறொரு ஆபீஸ். வீசுகிற கை எங்களுடையது, விழுகிற இடம் எங்களுடையதில்லை என்றார்கள் அங்கே. விழுகிற இடம் எங்களுடையது, வீசுகிற கை எங்களுடையதில்லை என்றார்கள் இங்கே. நடுவில் பறக்கிற பைக்கு எந்த ஆபீஸ் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அப்புறம் தன் வழியைத் தானே பார்த்தாள். சுவரோரப் பாத்தியைத் தரிசாக விட்டாள். நிலத்தின் கோடி மூலையில் இடுப்பளவு குழி தோண்டி, தினமும் பையை எடுத்துப் போய்க் கொட்டி, மேலே சுண்ணாம்பும் மண்ணும் போட்டு மூடினாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து மாதம். பொறுக்கிப் பொறுக்கி அவளுக்கு அந்தப் பையின் ஜாதகமே பாடமாகிவிட்டது. நைட் ஷிப்ட் ஆட்களை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏற்றிவந்து இறக்கிவிடும் கம்பெனி பஸ் நகர் முனையில் ஹாரன் அடிக்கும். அடித்துக் கால் மணி நேரத்தில் பை விழும். எப்போதும் மூன்றாவது புங்க மரத்தடியில்.

ஆனாலும் ஒரு நாள் கெட்டுவிட்டது. முந்தின ராத்திரி மழை. அவள் கண்ணில் படாத பை ஒன்று கல்லில் பட்டுக் கிழிந்து, மழைத்தண்ணீரோடு பக்கத்துப் பாத்திக்குள் இறங்கிவிட்டது. அவளுக்குத் தெரியாது. பறித்தாள், அலசினாள், கட்டினாள். வேரோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு பிளாஸ்டிக்கும் அதோடு வந்த நாற்றமும் ஒரு கட்டுக்குள் போய்விட்டன. வாங்கிப்போன அம்மா திருப்பிக் கொண்டுவந்து பொன்னியம்மாளின் கடையில் எல்லாருக்கும் முன்னால் பிரித்துக் காட்டினாள்.

பொன்னியம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெயம்மாளும் கத்தி, மனசு ஆறியிருக்கும்.

"ஜெயா, உன் மூஞ்சிக்காக இந்த ஒரு வாட்டி. இன்னொரு வாட்டி இப்படி வந்துச்சுன்னா உன் கீரை என் கடையில ஏறாது. நானும் பொழைக்கணும் இல்ல?"

ஜெயம்மாள் மீதி இருந்த அத்தனை கட்டுகளையும் அள்ளி மொபெட்டில் வைத்தாள். "ஒண்ணுதான கெட்டுது, மத்தத வுட்டுட்டுப் போ" என்று பொன்னியம்மாளே சொன்னாள். கேட்கவில்லை. எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்தக் குழியிலேயே கொட்டி மூடிவிட்டு, பம்புசெட் மேடையில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் அழுது ராஜகோபால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவன் கெட்டவன் இல்லை. குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். நாள் முழுக்க ரோட்டில் கிடக்கிறவன். அலுப்புத்தான். "இதோ பாரு, இன்னொரு வாட்டி கீரை திரும்பி வந்துச்சுன்னா நான் கையெழுத்து போட்டுடறேன். அப்போ நீ பேனாவப் புடுங்கக்கூடாது" என்றான்.

"புடுங்க மாட்டேன்" என்றாள் ஜெயம்மாள். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. ராஜகோபாலுக்கும் அது தெரியும்.

மறுநாளே நகருக்குள் போய், மூன்றாவது மரத்துக்கு நேராக இருந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். கலியாணசுந்தரத்தின் வீடு. பட்டு நெசவுக் குடும்பம். டவுனில் பிள்ளையார்பாளையம் பக்கமிருந்து இங்கே மனை வாங்கி வந்தவர். கீழ்வீட்டில் இரண்டு தறி. அவரும் மனைவி அம்சவேணியும் நெய்கிறார்கள். மகன் சிவபாலன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. மாடியில் இருந்த இரண்டு நாய்களும் அவன் ஆசைப்பட்டு வளர்ப்பவை.

"அண்ணா, உங்க மாடியாண்டருந்துதான் வருது" என்றாள்.

கலியாணசுந்தரத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஜெயம்மா, நாங்க பட்டுல கை வைக்கிறவங்க. என் வூட்ல செருப்பு வாசப்படியோட நின்னுடும். குளிக்காத தறிக்குழியில எறங்க மாட்டேன். என் புள்ள இந்த வேலைய செய்வான்னு நெனச்சியே, அதுவே எனக்கு அவமானம்மா."

"நான் நெனைக்கலணா. வந்து வுழுது, பொறுக்கறேன்."

"அப்போ வேற வூடா இருக்கும். எங்க வூடு இல்ல."

பொய் சொல்லவில்லை அவர். மனசார நம்பித்தான் சொன்னார். அதனால்தான் வார்த்தை அத்தனை காரமாக விழுந்தது. அன்றோடு பேச்சு நின்றது. எதிரில் பார்த்தால் அம்சவேணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கலியாணசுந்தரமே நிலத்துக்கு வந்தார். வரப்புக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். சேலையின் நீளத்துக்கு ஓடுகிற இழைகளைப் பாவு என்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் பாவை அறுபதடிக்கு இழுத்து விரித்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அதற்கு நேரான இடம் வேண்டும், நிழல் வேண்டும், தூசி ஆகாது. அவருடைய பழைய தெருவில் குழாய் போடப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். நகர் ரோட்டில் கார் போகணும், அடைக்கக்கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். கையில் இருப்பதோ கல்யாணக் கூறைச் சேலைக்கான பாவு, அரக்குச் சிவப்பு. முகூர்த்தத்துக்கு நாள் நெருங்கிவிட்டது.

"உன் புங்கமரத்துப் பாதைய ஒரு காலைக்கு..." என்று ஆரம்பித்துவிட்டுப் பாதையையே பார்த்தார்.

"வாங்கணா" என்றாள் ஜெயம்மாள். "எப்போ?"

"நாளைக்கு. அஞ்சு மணிக்கெல்லாம் விரிச்சுடுவோம்."

அவள் மரங்களின் பக்கம் கையைக் காட்டினாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கம்பெனி பஸ்ஸு வந்தப்புறம் அந்த மூணாவது மரத்தடியில பை வந்து வுழும்."

கலியாணசுந்தரத்தின் காது சிவந்தது. கோபப்படுகிற நிலையில் அவர் இல்லை. "அத நான் பாத்துக்கறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதுபோலவே பார்த்துக்கொண்டார். அன்றைக்கே பக்கத்து மூன்று வீடுகளுக்கும் படியேறி, நாளைக்குக் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் எதையும் போடாதீர்கள், என் பாவு விரிக்கிறேன் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். மூன்று வீட்டிலும் சரி என்றார்கள். ஒரே ஒரு வீட்டில்தான் அவர் சொல்லவில்லை. தன் வீட்டில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மகனுக்கோ எப்போதும் நைட் ஷிப்ட்; சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டிருந்தான். அப்பாவும் அம்மாவும் நாளை விடியலில் எங்கே இருப்பார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

வீட்டில் ராஜகோபால் சந்தோஷமாக இருந்தான். "வுடு, வுழட்டும். அவரு பட்டு மேலயே வுழுந்தாத்தான் நம்ம வயித்தெரிச்சல் அவருக்குப் புரியும். நீ ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா இருந்தாலே போதும்."

"பட்டு இன்னாய்யா பண்ணுச்சு? எவளோ ஒரு பொண்ணு அதக் கட்டிக்கினு மணையில உக்காரப் போறா."

"அதான் மூணு வூட்லயும் சொல்லிட்டாராமே."

"நாலு வூடு இருக்குதில்ல" என்றாள் ஜெயம்மாள்.

விடிவதற்கு முன்னால் அம்சவேணி துடைப்பமும் வாளியுமாக வந்தாள். யாருடைய பாவோ அந்த வீட்டார்தான் இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். வந்து பார்த்தால் பாதை நெடுகக் கூட்டி, சாணித் தண்ணீர் தெளித்து, ஒரு சருகு இல்லாமல் கிடந்தது. ஜெயம்மாள் மூன்று மணிக்கே எழுந்து செய்திருக்கிறாள். அம்சவேணி துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பழைய தெருவிலிருந்து ஐந்தாறு நெசவாளிகள் வந்திருந்தார்கள். ஒருவர் பாவுக்கு மற்றவர் கைகொடுப்பது அவர்களுக்குள் வழக்கம். ஒரு முனையில் கட்டை நட்டுக் கயிறு கட்டி, மறுமுனையை ஆள் இழுத்துப் பிடிக்க, நடுநடுவே மூங்கில் குச்சி கொடுத்து, அந்தச் சிவப்பை விரித்தார்கள். மரங்களுக்குக் கீழே இடுப்பு உயரத்தில் அறுபதடி நீளத்துக்குப் பட்டு கிடந்தது. தினமும் அந்த வழியில் நடக்கிற ஜெயம்மாளே நின்று பார்த்தாள். கலியாணசுந்தரம் அந்த மறுமுனையைப் பிடித்திருந்தார். கஞ்சி தெளித்தார்கள். இழை பிரித்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

நகர் முனையில் ஹாரன் கேட்டது.

ஜெயம்மாள் கீரை அலசுவதை அப்படியே விட்டாள். அகலமான எருக்கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றாவது மரத்தடிக்கு வந்து, பாவை ஒட்டி நின்றாள். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்று நெசவாளிகள் நினைத்தார்கள். கூடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ராஜகோபால் மட்டும் பம்புசெட் மேடையிலிருந்து எழுந்து நின்றான்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் தலையைத் தூக்கி இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வலித்தது. ஒருவேளை இன்றைக்கு வராதோ, தான்தான் ஒரு நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. அப்படியே இருந்துவிடட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

மேலே இலை சலசலத்தது. கருப்புப் பை கிளையில் பட்டுத் திசை மாறி, கூடைக்கு எட்டாத பக்கம் நேராகப் பட்டு இழைகளை நோக்கி இறங்கியது. கூடையை வீசி எறிந்துவிட்டு ஜெயம்மாள் இரண்டு எட்டு பாய்ந்தாள். பாவின் மேல் படாமல் உடம்பை வளைத்து, பையைத் தன் மார்போடு வாங்கி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு பாத்திச் சேற்றில் முழங்காலிட்டு விழுந்தாள். அவளுக்கும் சிவப்பு இழைக்கும் நடுவில் இரண்டு விரற்கடைதான் இருந்தது. பை கிழிந்துவிட்டது. வழிந்ததெல்லாம் அவள் புடவையில்.

அந்த அமைதியில், மேலே மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"ப்ரூனோ, போதும் வாடா. கீழ போலாம்."

சிவபாலனின் குரல். அதை யாரும் கலியாணசுந்தரத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜெயம்மாள் எழுந்தாள். திட்டுவதற்கு அவளுக்கு வார்த்தைப் பஞ்சம் எப்போதும் வந்ததில்லை. அன்றைக்கு அவளுக்கு உரிமையும் இருந்தது, கேட்கக் கூட்டமும் இருந்தது. அவள் கலியாணசுந்தரத்தின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கஞ்சி காயப் போவுதுணா, வேலையப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

விரித்த பாவைப் பாதியில் விட்டுப் போக முடியாது. முனையைப் பிடித்தவர் கையை எடுத்தால் அத்தனை இழையும் சிக்கிப் போகும். ஆகவே கலியாணசுந்தரம் நின்றார். இன்னும் ஒன்றரை மணி நேரம், பாவு உலர்ந்து சுருட்டி முடியும் வரைக்கும், அந்த முனையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் வழிவதைத் துடைக்கக் கையில்லாமல் நின்றார். அம்சவேணி தொட்டியண்டை போய், "யக்கா, குடுக்கா, நான் தொவைச்சுத் தரேன்" என்று அந்தப் புடவைக்குக் கை நீட்டினாள். ஜெயம்மாள் கொடுக்கவில்லை. "நீ போய் எழையப் பாரும்மா" என்றாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்ததென்று நகரில் யாருக்கும் தெரியாது. சத்தம் வெளியே வரவில்லை. மறுநாள் காலை ஹாரன் கேட்டது. ஜெயம்மாள் பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பை விழவில்லை. அரைமணி நேரம் கழித்து, தூக்கம் சொக்கும் கண்ணோடு கம்பெனிச் சட்டைகூட மாற்றாமல் சிவபாலன் வரப்பில் வந்து நின்றான். பக்கத்தில் அவன் அப்பா. அவனையே பேச விட்டுவிட்டார்.

"ஆண்டி, சாரி ஆண்டி. நெலம்தானே, எருவாப் போவட்டும்னு நெனச்சுட்டேன். சாணி போடறாங்க இல்ல, அந்த மாதிரி."

ஜெயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதம் பொறுக்கியது, அழுதது, வாக்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்தது. மேடையில் உட்கார்ந்து சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எருவா! மாடு புல்லு திங்குது, அது எருவாவும். உன் நாயிக்கு நீ கறியும் சோறும் போடற. அதுல இருக்கற பூச்சியும் கிருமியும் மண்ணுல வுழுந்து சீக்கிரத்துல சாவாது. ஜனங்க வாயில வெக்கற எலைப்பா இது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

அவள் மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் கொடுத்த தண்டனை. வீட்டுக்குப் பின்னால் மூடி போட்ட குழி ஒன்றை அவனே தோண்டினான். அதைப் பார்த்து மற்ற மூன்று வீட்டிலும் தோண்டினார்கள். அந்த மூவரும் வீசினார்களா இல்லையா என்பதை ஜெயம்மாள் யாரிடமும் விசாரிக்கவில்லை.

சுவரோரப் பாத்தியில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்தினார்கள். ஏரி வண்டல் கொண்டுவந்து கொட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவபாலன் வந்து கொத்திக் கொடுத்தான். "இப்போதான் சுத்தமாச்சே, கீரைய வெரைக்க வேண்டியதுதான?" என்றாள் பொன்னியம்மாள்.

"இன்னும் ஒரு வருஷம் போவட்டும்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமில்ல."

"அப்போ பூச்செடியாவது வை."

"பூ சாமிக்குப் போவும்" என்றாள் ஜெயம்மாள். யாரும் பறித்துத் தின்னாத ஆமணக்கை விதைத்தாள். இருக்கிற மண்ணிலேயே நல்ல மண்ணில், பம்புசெட் பக்கத்தில், ஒரு முழு வருஷம் ஆமணக்கு நின்றது. புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, அக்காவுக்கு விவசாயம் அலுத்துப்போய்விட்டது என்று சந்தோஷப்பட்டான். மற்ற பாத்திகளின் கீரை ஒரு கட்டுகூடத் திரும்பி வரவில்லை. ராஜகோபாலும் பேனா பேச்சை எடுக்கவில்லை.

இந்த வருஷம் தைக்கு அப்புறம் ஆமணக்கைப் பிடுங்கிவிட்டு முளைக்கீரை விதைத்தாள். இருபத்தைந்தாம் நாள் பறிப்பு. அன்றைக்குப் புங்கமரத்துப் பாதையில் கலியாணசுந்தரத்தின் பாவு விரிந்திருந்தது; இப்போதெல்லாம் அவருடைய எல்லாப் பாவும் அங்கேதான். இந்தத் தடவை மயில்கழுத்து நிறம். சிவபாலனும் லீவு போட்டுவிட்டு இழை பிரிக்க வந்திருந்தான்.

ஜெயம்மாள் சுவரோரப் பாத்தியில் இறங்கி, முதல் கட்டைப் பறித்து, அலசி, நார் கட்டி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து அம்சவேணியிடம் நீட்டினாள். அம்சவேணியின் கை பாதியில் நின்றது.

"இது... அந்தப் பாத்தி கீரையாக்கா?"

"ஆமா. ஏன், எரு போட்ட பாத்திதான?" என்றாள் ஜெயம்மாள்.

நெசவாளிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிவபாலன் பாவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அத்தே, வுட்டுடுங்க அத்தே" என்றான். கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. தான் பிடித்திருந்த முனையை மகன் கையில் கொடுத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் கீரைக்கட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "இன்னிக்கு நம்ம வூட்ல இதான் கடையணும்" என்று மனைவியிடம் சொன்னார். ஒரு இலையைக்கூட அவர் திருப்பிப் பார்க்கவில்லை.